சாம்பிளில் சிவப்பணு உடைந்தால் இரத்தப் பரிசோதனை எண்கள் ஏன் மாறுகின்றன?

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் முடிவு இருக்க வேண்டிய இடத்தில் சில சமயம் 'ஹீமோலைஸ்டு சாம்பிள், மீண்டும் இரத்தம் எடுத்து அனுப்பவும்' என்ற வரிதான் இருக்கும். மறுபடியும் ஊசியா என்று எரிச்சல் வரும். தன் இரத்தத்தில் ஏதோ பெரிய கோளாறு என்று பயந்துபோகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் உடம்பில் கோளாறு எதுவும் இருக்காது. இரத்தம் நரம்பை விட்டு வெளியே வந்த பிறகு, ஊசிக்கும் மெஷினுக்கும் நடுவில் எங்கோ சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்பதே அந்த வரிக்குப் பொருள். ஆய்வகங்கள் தகுதியற்றவை என்று ஒதுக்கும் சாம்பிள்களில் இந்தக் காரணத்துக்கே முதலிடம்.

சிவப்பணு என்பது மெல்லிய சவ்வுக்குள் அடைபட்ட ஹீமோகுளோபின் கரைசல். உட்கரு கிடையாது, விட்டம் 7 முதல் 8 மைக்ரான், உடம்புக்குள் இருக்கும்வரை சுமார் 120 நாள் தாங்கும். அந்தக் காலத்தில் தன்னைவிடக் குறுகிய தந்துகிகளுக்குள்ளும் நெளிந்து புகுந்து, முழுசாக வெளியே வந்துவிடும். அவ்வளவு வளைந்துகொடுக்கும் சவ்வும் கிழிந்து, உள்ளே இருந்தது வெளியே கலப்பதைத்தான் ஹீமோலைசிஸ் என்கிறோம்.

சர்க்கரை, உப்புகள், கல்லீரல் நொதிகள், ஹார்மோன்கள் போன்ற பெரும்பாலான பரிசோதனைகள் அணுக்களைச் சுற்றியுள்ள திரவத்தில் செய்யப்படுபவை. இரத்தத்தை உறையவிட்டு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்பது சீரம். உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள டியூபில் சுழற்றினால் கிடைப்பது பிளாஸ்மா. இரண்டுமே வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியவை. அணு உடைந்து ஹீமோகுளோபின் கலந்தால் இளஞ்சிவப்பாகும். நிறைய உடைந்தால் செர்ரிப்பழச் சிவப்பாகும். நிறம் ஓர் அறிகுறி மட்டுமே. எண்களைக் கெடுக்கும் வேலையில் பாதியை, நிறமே இல்லாத பொட்டாசியமும் நொதிகளும் செய்கின்றன.

நூறில் ஒன்று உடைந்தால்

பொட்டாசியத்தை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் அளவு பிடிபடும். சீரத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 3.5 முதல் 5.0 மில்லிமோல். சிவப்பணுவுக்குள் அது ஏறத்தாழ 100 மில்லிமோல், அதாவது இருபது மடங்குக்கும் மேல். ஒரு லிட்டர் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் சுமார் 330 கிராம். ஆக, 1 கிராம் ஹீமோகுளோபின் வெளியே வந்தால் கூடவே 0.3 மில்லிமோல் பொட்டாசியமும் வந்துவிடும்.

ஹீமோகுளோபின் லிட்டருக்கு 150 கிராம், அணுக்களின் பங்கு 45 சதவீதம் உள்ள ஒருவரின் சாம்பிளில் நூறில் ஒரு சிவப்பணு உடைந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் இரத்தத்தில் 1.5 கிராம் ஹீமோகுளோபின் வெளியேறி, 0.55 லிட்டர் பிளாஸ்மாவில் கலக்கும். பிளாஸ்மாவில் அது லிட்டருக்கு 2.7 கிராம். அதை 0.3-ஆல் பெருக்கினால் பொட்டாசியம் ஏற்றம் சுமார் 0.8. உண்மையில் 4.0 இருந்தவருக்கு மெஷின் 4.8 என்று காட்டும்.

இதே ஒரு சதவீதத்துக்கு எல்.டி.எச்., அதாவது லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி, இன்னும் மோசம். அந்த நொதி சிவப்பணுவுக்குள் சீரத்தைவிட 150 மடங்குக்கும் மேல் இருக்கிறது. எனவே முடிவு இரு மடங்கைத் தாண்டிவிடும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் நொதிகளில் ஏ.எஸ்.டி., அதாவது எஸ்.ஜி.ஓ.டி., சுமார் 40 மடங்கு. ஆகவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். ஏ.எல்.டி., அதாவது எஸ்.ஜி.பி.டி., 7 மடங்கு அளவில்தான், அசைவு சிறிது. ஏ.எல்.டி. சாதாரணமாக இருந்து ஏ.எஸ்.டி.யும் எல்.டி.எச்.சும் சேர்ந்து ஏறியிருந்தால், கல்லீரலைச் சந்தேகிப்பதற்கு முன் சீரத்தின் நிறத்தைப் பார்ப்பது நல்லது.

கண்ணுக்கு எப்போது தெரியும்? பிளாஸ்மாவில் ஹீமோகுளோபின் லிட்டருக்கு 0.3 கிராம் அளவை நெருங்கும்போது லேசான இளஞ்சிவப்பு புலப்படும். மேலே போட்ட கணக்குப்படி அது ஆயிரத்தில் ஒரு சிவப்பணு உடைந்த நிலை. அந்த நிலையிலேயே எல்.டி.எச். பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். பொட்டாசியம் இன்னும் 0.1 கூட ஏறியிருக்காது. ஒரே சாம்பிள் ஒரு பரிசோதனைக்கு உதவாமலும் இன்னொன்றுக்கு உதவும்படியும் இருப்பது இதனால்தான். 'கொஞ்சம் சிவப்பாக இருக்கிறது' என்று மொத்த டியூபையும் தூக்கிப் போடுவதும் தவறு, 'கொஞ்சம்தானே' என்று மொத்தத்தையும் ஓட்டுவதும் தவறு.

பொட்டாசியத்தில் பலரும் பயப்படுவது பொய்யான ஏற்றத்துக்கு. இல்லாத உயர்வுக்கு மருந்து கொடுத்துவிடுவார்களே என்ற அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 6.5 என்று வந்தால் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டு மறுபடி பார்ப்பார். உண்மையான அளவு 2.9 ஆக இருந்து, உடைந்த அணுக்கள் அதை 3.8 ஆக்கிவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய பொட்டாசியக் குறைவு 'நார்மல்' என்ற போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். ஹீமோலைசிஸில் அதிகம் அஞ்ச வேண்டியது இப்படிச் சாதாரணமாகத் தோன்றும் எண்ணுக்குத்தான்.

கசிவதால் மட்டுமல்ல

உள்ளே இருந்தது வெளியே வருவது முதல் வழி. மெக்னீசியமும் பாஸ்பேட்டும் இப்படித்தான் கூடுகின்றன. பாஸ்பேட்டில் ஒரு நுணுக்கம் உண்டு: அணுவுக்குள் அது பெரும்பாலும் கரிமச் சேர்மங்களில் கட்டுண்டிருக்கும். வெளியே வந்தபின் நொதிகள் அதை மெல்ல மெல்லப் பிரித்துவிடுவதால், சாம்பிள் காத்திருக்கக் காத்திருக்க எண் ஏறும். நரம்பு செல் பாதிப்புக்கும் சில புற்றுநோய்களுக்கும் பார்க்கப்படும் நியூரான் ஸ்பெசிஃபிக் ஈனோலேஸ், பெயரில் நியூரானைச் சுமந்தாலும் சிவப்பணுவிலும் தாராளமாக இருக்கிறது. லேசாகச் சிவந்த சாம்பிளில்கூட அந்தப் பரிசோதனையைச் செய்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது வழி ஒளி. ஆய்வக மெஷின்களில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்தே அளக்கின்றன. ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் அருகே மிகப் பலமாக உறிஞ்சும்; 540 முதல் 580 வரையிலான பகுதியிலும் உறிஞ்சும். பரிசோதனையின் நிறமும் அந்த எல்லைக்குள் விழுந்தால், மெஷினுக்கு எது யாருடைய நிறம் என்று பிரிக்கத் தெரியாது. இரண்டு அலைநீளங்களில் அளந்து கழிப்பதும், ரீஏஜென்ட் எனும் வினைப்பொருளைச் சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்வதும் இதைக் குறைக்கும், அறவே நீக்கிவிடாது.

மூன்றாவது வழி வேதிவினையில் தலையிடுவது. ஹீமோகுளோபினுக்கு பெராக்சிடேஸ் நொதியைப் போல நடந்துகொள்ளும் குணம் உண்டு. காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமி பிலிருபினை டயசோ என்ற நிறமுண்டாக்கும் முறையில் அளக்கும்போது, உருவாக வேண்டிய நிறத்தை அது கெடுத்து முடிவைக் குறைத்துக் காட்டும். பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலையில் இது நேரடியாகத் தொல்லை தருகிறது. குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தம் எளிதில் ஹீமோலைஸ் ஆகும். அதே சாம்பிளில்தான் பிலிருபின் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். தசை பாதிப்புக்குப் பார்க்கும் சி.கே., அதாவது கிரியாட்டின் கைனேஸ், இன்னொரு வேடிக்கை. சிவப்பணுவில் அந்த நொதி இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் ஹீமோலைசிஸில் அதன் முடிவு கூடும். காரணம், அணுவிலிருந்து வரும் அடினைலேட் கைனேஸ் என்ற வேறொரு நொதி. சி.கே. செய்வதைப் போலவே அதுவும் ஏ.டி.பி.யை (ATP) உண்டாக்க, மெஷின் அதையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. ரீஏஜென்டில் இதற்கான தடுப்பான்கள் இருக்கும். அளவு மீறினால் அவை போதாது.

இன்சுலின் கதை நேர் எதிர். சிவப்பணுவுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அது வெளியே வந்தால் டியூபுக்குள்ளேயே இன்சுலினைத் தின்னத் தொடங்கும். அறிக்கையில் குறைந்த எண் வரும். அடிக்கடி சர்க்கரை இறங்கும் ஒருவருக்கு இன்சுலின் அதிகமா என்று தேடும் நேரத்தில் இப்படி நடந்தால், நோயையே தவறவிட நேரும். இதயத் தசை பாதிப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் கிட்டுக்குக் கிட்டு வேறுபடும். சிலவற்றில் இறங்கும், சிலவற்றில் ஏறும். பயன்படுத்தும் கிட்டின் தாளில் எவ்வளவு ஹீமோலைசிஸ் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது.

சோடியமும் குளோரைடும் அணுவுக்குள் குறைவு என்பதால் நீர்த்துப்போகத்தான் வேண்டும். ஆனால் பேரளவில் உடைந்தால்தான் அது எண்ணில் தெரியும்.

சுழற்றாத டியூப்கள்

இரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. பரிசோதனையின் டியூபை யாரும் சுழற்றுவதில்லை. ஆகவே அதில் ஹீமோலைசிஸ் கண்ணில் படாது. கண்டுபிடிக்க எண்களே உதவுகின்றன. ஹீமோகுளோபின் அளக்க மெஷின் எப்படியும் எல்லாச் சிவப்பணுக்களையும் உடைக்கிறது. முன்கூட்டியே சில உடைந்திருந்தாலும் அந்த எண் மாறாது. மாறுவது அணுக்களின் எண்ணிக்கையும், இரத்தத்தில் அணுக்களின் பங்கைச் சதவீதமாகச் சொல்லும் ஹெமட்டோகிரிட்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 13.5 கிராம், ஹெமட்டோகிரிட் 40.5 என்றால், எம்.சி.எச்.சி., அதாவது அணுவுக்குள் ஹீமோகுளோபினின் சராசரிச் செறிவு, 33.3. பத்து சதவீத அணுக்கள் உடைந்தால் ஹெமட்டோகிரிட் 36.5-க்கு இறங்கும், ஹீமோகுளோபின் அப்படியே நிற்கும், எம்.சி.எச்.சி. 37 ஆகிவிடும். ஒரு சிவப்பணுவுக்குள் அவ்வளவு செறிவாக ஹீமோகுளோபின் அடைவது அரிது. எனவே அந்த எண்ணைப் பார்த்ததும் டியூபைக் கொஞ்சம் சுழற்றி பிளாஸ்மாவின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கொழுப்பு மிகுந்த பிளாஸ்மாவும், குளிரில் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும் கோல்டு அக்ளுட்டினின் நிலையும் இதே எண்ணைத் தரும் என்பதால், சுழற்றிப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. உடைந்த அணுத் துண்டுகளைத் தட்டணுக்கள் என்று மெஷின் எண்ணிவிடுவதும் உண்டு.

இரத்தவாயு பரிசோதனையில் ஆபத்து இன்னும் கூடுதல். முழு இரத்தம் நேராக மெஷினுக்குள் போகிறது. ஒரு நிமிடத்தில் பொட்டாசியம் வந்துவிடுகிறது. அவசரப் பிரிவில் அதை வைத்தே சிகிச்சை தொடங்குகிறது. அந்தச் சாம்பிள் சிவந்ததா என்று பார்த்தவர் யாருமில்லை. எதிர்பாராத பொட்டாசியம் வந்தால், மிஞ்சிய இரத்தத்தைச் சுழற்றிப் பார்க்கலாம், அல்லது ஆய்வகத்துக்குத் தனி டியூப் அனுப்பலாம். நோயாளிக்கு ஈ.சி.ஜி. எடுப்பது எப்படியும் நல்லது.

உறைதல் பரிசோதனைகளில் நிறம் மட்டும் பிரச்சினை அல்ல. உடைந்த சவ்வின் கொழுப்புகளும் ஏ.டி.பி.யும் (ADP) உறைதல் வினைகளையும் தட்டணுக்களையும் தூண்டிவிடுகின்றன. ஒளியால் அளக்காமல் உலோகக் குண்டின் அசைவைப் பார்க்கும் மெஷினை வைத்திருந்தாலும் இந்தப் பாதிப்பு போகாது. இந்தப் பரிசோதனைக்கான சிட்ரேட் டியூப் சிவந்திருந்தால் திருப்பி அனுப்புவதே சரி. இரத்த வங்கியில், கலக்கும்போது அணு உடைவதே ஒத்துப்போகாமைக்கு ஓர் அடையாளம். ஏற்கெனவே சிவந்த சீரத்தில் அந்த அடையாளத்தைப் பார்க்கவே முடியாது.

எங்கே உடைகிறது

ஊசி குறுகலாக இருப்பதால் அணு நசுங்கிவிடுகிறது என்று நினைப்பார்கள். எந்த ஊசியின் துளையும் அணுவைவிடப் பல மடங்கு அகலம். உடைப்பது வேகமும் சுழலும். மெல்லிய ஊசியில் வெற்றிட டியூப் பலமாக இழுக்கும்போது இரத்தம் பீய்ச்சி அடித்துக்கொண்டு வந்து டியூபின் சுவரில் மோதுகிறது. உராய்வு விசையில் சவ்வு கிழிகிறது. அதனால் பெரியவர்களுக்கு முழங்கை மடிப்பில் 21 கேஜ் ஊசி வழக்கமான தேர்வு (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது). நரம்பு மெலிந்திருந்தால் 23 கேஜ். 25 கேஜுக்கு இறங்கினால் சிறிய டியூபைப் போடுங்கள். அதில் வெற்றிடத்தின் இழுப்பு குறைவு.

சொட்டு மருந்துக்காகப் போட்ட கேனுலாவிலிருந்தே சாம்பிளையும் எடுத்துவிடுவதுதான் பெரிய குற்றவாளி. மென்மையான பிளாஸ்டிக் குழாய், இணைப்புகளில் குறுகும் பாதை, நரம்புச் சுவரில் ஒட்டி இழுபடும் நுனி எல்லாம் சேர்ந்து சுழலை உண்டாக்குகின்றன. அவசரப் பிரிவிலிருந்து வரும் சாம்பிள்கள் அதிகம் சிவந்து வருவதற்கு இதுதான் முதன்மைக் காரணம். ஒரு குத்தை மிச்சப்படுத்தப் போய் இரண்டாவது தடவை குத்த வேண்டி வருகிறது.

சிரிஞ்சில் எடுத்தால் பிஸ்டனை மெதுவாக இழுக்க வேண்டும். டியூபுக்கு மாற்றும்போது ஊசியாலேயே மூடியைக் குத்தி பிஸ்டனை அழுத்துவது, கையில் ஊசி குத்தும் அபாயத்தோடு அணுவையும் உடைக்கும் வழி. அதற்கென உள்ள இணைப்பானைப் போட்டு, டியூப் தானாக இழுத்துக்கொள்ள விடுங்கள். அது இல்லையென்றால் ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூடியைத் திறந்து டியூபின் உட்சுவரில் வழியவிடுங்கள்.

கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்திவிட வேண்டும். ஸ்பிரிட் தடவிய இடம் காய சுமார் 30 வினாடி பொறுங்கள். டியூபைக் குறியீடு வரை நிரப்புங்கள். பிறகு குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்: சிட்ரேட் 3, 4 தடவை, உறைதூண்டி உள்ள சீரம் டியூப் 5 தடவை, ஹெப்பரின், ஈ.டி.டி.ஏ. (இரண்டும் உறையாமல் தடுக்கும் மருந்துகள்) டியூப்கள் 8 முதல் 10 தடவை. காக்டெயில் கலக்குவது போல ஆட்டினால் அதுவரை காட்டிய பொறுமை வீண்.

பிறகு வருவது ஆய்வகத்தின் பொறுப்பு. உறைதூண்டி டியூப் உறைய 30 நிமிடம், வெறும் கண்ணாடி டியூப் என்றால் ஒரு மணி நேரம்வரை நிமிர்த்தி வைக்க வேண்டும். அரைகுறையாக உறைந்ததைச் சுழற்றக் கூடாது. சீரத்தையும் அணுக்களையும் பிரித்துவைக்கும் ஜெல் உள்ள டியூபுக்கு 1000 முதல் 1300 ஜி விசையில் 10 நிமிடம் பொதுவாகப் போதும். எடுத்த 2 மணி நேரத்துக்குள் சீரம் அணுக்களிலிருந்து பிரிந்துவிட வேண்டும். ஐஸ் கட்டியை நேரடியாக ஒட்டி வைத்த டியூபில் இரத்தம் உறைபனியாகி அணுக்கள் வெடிக்கும். காற்றழுத்தக் குழாய் வழியே சாம்பிள் அனுப்பும் மருத்துவமனைகள், வேகத்தையும் வளைவுகளையும் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சிவக்காமலும் பொட்டாசியம் ஏறும்

சீரம் தெளிவாக இருக்கிறது, பொட்டாசியம் மட்டும் 6 என்றால் ஹீமோலைசிஸைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு இடங்களில் தேட வேண்டும். இரத்தத்தைப் பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைத்தால், சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு குளிரில் தளர்ந்து, அணு உடையாமலேயே பொட்டாசியம் வெளியேறும். சுழற்றிய ஜெல் டியூபை மறுபடி சுழற்றினால், ஜெல்லுக்குக் கீழே அணுக்களோடு கிடந்த திரவம் மேலே வந்துவிடும். பட்டை கட்டிய கையை மூடி மூடித் திறந்தால் தசையிலிருந்து பொட்டாசியம் வரும். 1 மில்லிமோலுக்கு மேல் ஏறியதாகவும் பதிவு உண்டு. 'கையை நல்லா மூடித் திறங்க' என்று சொல்வதை இன்றோடு நிறுத்திவிடலாம். ஈ.டி.டி.ஏ. டியூபிலிருந்து சீரம் டியூபுக்கு இரத்தத்தை ஊற்றியிருந்தால், அந்த மருந்திலுள்ள பொட்டாசியம் கலந்து எண் கூடும். கூடவே கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் இறங்கியிருக்கும். அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

எண் போடுவதா, நிறுத்துவதா

நிறத்தைக் கண்ணால் பார்த்து 'ஒரு பிளஸ், இரண்டு பிளஸ்' என்று போடுவது நம்பத்தக்கதல்ல. ஆளுக்கு ஆள் மாறும். பிலிருபின் மிகுந்த ஆழ்மஞ்சள் சீரத்தில் லேசான சிவப்பு தெரியவே தெரியாது. இப்போதைய வேதியியல் மெஷின்கள் சாம்பிளைப் பல அலைநீளங்களில் அளந்து, ஹீமோலைசிஸ், மஞ்சள், கலங்கல் மூன்றுக்கும் தனித்தனியே குறியீட்டு எண் தருகின்றன. சில மெஷின்களில் ஹீமோலைசிஸ் எண் 50 என்றால் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் ஹீமோகுளோபின் என்று பொருள். வேறு சிலவற்றில் அளவுகோலே வேறு. ஒரு மெஷினின் எல்லையை இன்னொன்றில் பொருத்தக் கூடாது. எல்லையும் பரிசோதனைக்குப் பரிசோதனை வேறு, எல்.டி.எச்.சுக்கு மிகத் தாழ்வாகவும், கிரியாட்டினின் போன்றவற்றுக்கு உயர்வாகவும் இருக்கும்.

0.3 என்ற கணக்கு தெரிந்திருக்கும்போது ஏற்றத்தைக் கழித்து 'திருத்திய பொட்டாசியம்' கொடுத்தால் என்ன என்ற ஆசை வரும். கொடுக்க வேண்டாம். அந்த 0.3 ஒரு சராசரிதான். அணுவுக்குள் உள்ள பொட்டாசியம் ஆளுக்கு ஆள் மாறும். சுழலில் சிக்கியது சிவப்பணு மட்டும்தானா, வெள்ளணுவும் தட்டணுவும்கூட உடைந்தனவா என்பதை ஹீமோகுளோபின் சொல்லாது. கெட்டுப்போன பரிசோதனையின் எண்ணை நிறுத்திவைத்து, காரணத்தை எழுதி, புதுச் சாம்பிள் கேட்பதே முறை. பாதிக்கப்படாத பரிசோதனைகளின் முடிவுகளை அதற்காகத் தாமதிக்கத் தேவையில்லை.

இந்த ஒழுங்கு தலைகீழாகும் ஒரே இடம், அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்துகொண்டிருக்கும் நிலை. பொருந்தாத இரத்தம் ஏற்றப்பட்டது, கடும் மலேரியா, ஜி6பி.டி. நொதிக் குறைபாடு, தன் அணுக்களையே தாக்கும் நோயெதிர்ப்பு, செயற்கை இதய வால்வு, சில பாம்புகளின் நஞ்சு ஆகியவை அதற்கான காரணங்கள். சிவந்து வரும் சாம்பிள்களில் இது மிகச் சிறு பங்கு. ஆனால் குப்பையில் போடக் கூடாத பங்கு. ஒரே நேரத்தில் எடுத்த எல்லா டியூபும் ஒரே அளவு சிவந்திருக்கிறதா, கவனமாக மறுபடி எடுத்ததும் சிவப்பா, சிறுநீர் கருஞ்சிவப்பா என்று பாருங்கள். வெளியேறும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஹாப்டோகுளோபின் மிகவும் குறைந்தும், இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டும் மறைமுக பிலிருபினும் கூடியும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. டியூபுக்குள் உடைந்ததென்றால் ஹாப்டோகுளோபின் பொதுவாக அப்படிக் காலியாகியிருக்காது. அப்படிப்பட்ட சாம்பிளுக்கு 'மீண்டும் அனுப்பவும்' என்ற வரியை மட்டும் அடித்து அனுப்பாமல், வார்டுக்கு ஃபோன் போட்டு, இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ஏறிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.